பாண் வரும் நேரம்

டிலோஜனுக்கு ஐந்து கிளினிக் கொப்பிகள்.
வலிப்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று,
இடுப்பு மூட்டுக்கு ஒன்று, நிறைக்கு ஒன்று.
ஐந்தாவது என்னுடையது.
ஐந்திலும் வயது பதினொன்று.
பெயரை மட்டும் ஐந்து விதமாகப் பிழையாய் எழுதியிருக்கிறோம்.

யசிந்தா அவற்றை மீன்பையில் கொண்டுவருவாள்.
கழுவிக் காயவைத்த பைதான்.
மழை நாளில் மட்டும்
என் மேசை முழுக்கக் கடல் மணக்கும்.

குருநகர்த் தொடர்மாடி, மூன்றாம் தட்டு.
பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஐம்பத்து நான்கு படி இறங்குவாள்.
சக்கர நாற்காலியை எடுக்க இன்னொரு தரம்.
அதுவரை கீழ்வீட்டு றெஜினா
அவனை ஒரு கையால் அணைத்திருப்பாள்,
மறு கையில் அகப்பை.

பத்தரைக்கு என்னிடம் வந்து சேரும்போது
மருந்தும் வெயிலுமாய் அவனை அடித்துப் போட்டிருக்கும்.
கிலுகிலுப்பையை ஆட்டுவேன்.
சிவப்புப் பந்தை முகத்துக்கு நேரே கொண்டுபோவேன்.
சாய்ந்த தலை சாய்ந்தபடி.
'முன்னேற்றம்' என்ற கட்டத்தில்
ஒன்றரை வருடமாக ஒரே சொல்: இல்லை.
என் கையெழுத்துத்தான்.

ஒருநாள் கோபமில்லாமல் கேட்டாள்:
"மிஸ், இவன் வடிவா முழிச்சிருக்கேக்க
நீங்கள் ஒருநாளும் காணேல்லை என்ன?
காலமை ஆறுமணிக்குப் பாண் ஓட்டோ வரும்.
அந்தப் பாட்டுக் கேட்டாத் திரும்பிப் பாப்பான்.
நான் சொன்னா ஆர் எழுதுவினம்?"

வெள்ளிக்கிழமை.
ஸ்கூட்டியை மதிலோடு விட்டுப் படியேறினேன்.
இருபதாவதில் மூச்சு வாங்கியது,
வெறுங்கையோடு போன எனக்கு.
யன்னலோரம் அரை மூட்டை அரிசியும் தலையணையும்
முட்டுக்கொடுத்து அவனை இருத்தியிருந்தாள்.
நான்கு வருடம் படித்து நான் கற்ற கோணம் அது.
அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சந்தி திரும்பும்போதே அந்த இசை,
தேய்ந்து, பாதி சுரம் விழுங்கி,
என் வீட்டில் நான் காதைப் பொத்தும் இசை.
தலை வந்தது.
சரிந்து வரவில்லை,
கழுத்து முழுவதையும் திரட்டிக்கொண்டு
ஈர மணலில் வள்ளம் இழுபடுவது மாதிரி
அங்குலம் அங்குலமாய் யன்னல் பக்கம்.
பிறகு ஓர் ஒலி. நீளமாக.
"அது சீனி பணிசுக்கு" என்றாள்.
மூக்குக் குழாயால் சாப்பிடுகிறவன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை.
சாக்கு ஊசியால் ஐந்து கொப்பியையும் ஒன்றாகத் தைத்தேன்.
ஐந்து பேரையும் ஒரு மேசைக்குக் கூப்பிட்டேன்,
மூன்று பேர் வந்தார்கள்.
இரவு மருந்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள்.
விழுங்குவதைச் சோதிக்கும் பிள்ளை சொன்னாள்:
நிமிர்த்தி இருத்தி, நாக்கு நுனியில், சீனித்தண்ணீர் ஒரு சொட்டு.
இடுப்பைப் பற்றி முடிவில்லை.
யசிந்தாவுக்கும் கதிரை போட்டோம்.
கனநேரம் அதன் முதுகைப் பிடித்தபடியே நின்றாள்.

நிலத்தட்டில் வீடு கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை.
மூன்றாம் தரமும் எழுதியிருக்கிறேன்.

கட்டம் சிறியது,
ஆகவே ஓரத்தில் நெடுக்காக எழுதினேன்:
காலை 6.10. பாண் ஓட்டோ. இடப்பக்கம் திரும்பினான்.
கொப்பி இப்போது அவள் வீட்டில் இருக்கிறது,
கயிற்றில் கட்டிய பேனையோடு.

போன கிழமை புரட்டினேன்.
செவ்வாய்: திரும்பினவன்.
புதன்: திரும்பினவன், சிரிச்ச மாதிரி.
வியாழன்: மா இல்லையாம், ஓட்டோ வரேல்லை.
அதற்குக் கீழே, பேனை அழுத்திய ஒற்றைச் சொல்:

பார்த்துக்கொண்டிருந்தவன்.